இறக்கத்தில் நீ, ஏற்றத்தில் நான்

மக்களே,

இந்தக் கடிதத்தை இப்போது உன்னிடம் கொடுக்கப் போவதில்லை. உனக்கு எட்டு வயது. பள்ளிக்கூடத்து மலையாளத்தைத்தான் தடையில்லாமல் வாசிக்கிறாய். என் தமிழ்க் கையெழுத்தைக் காட்டினால், "அம்மை எழுத்து கோழி கிண்டினது மாதிரி இருக்கு" என்று ஓடிவிடுவாய். நீ வளர்ந்து, படிக்கவோ வேலைக்கோ இந்த வீட்டைவிட்டுப் புறப்படும் நாளில், உன் பெட்டியில் வேட்டிகளுக்கு நடுவே இதை வைப்பதாக இருக்கிறேன். அப்படி ஒரு நாள் வருமா என்று எழுதும்போதே சந்தேகம் வருகிறது. இன்று காலை ஆஸ்பத்திரியில் டாக்டர், இனிமேல் மாதாமாதம் உன்னை அழைத்துவர வேண்டாம் என்று சொல்லிவிட்டார். குணமான பிள்ளைகளுக்கும் அப்படித்தான் சொல்வார்கள். உனக்குச் சொன்னது அதற்காக இல்லை. "இரும்புப் பட்டை போட்டு நடந்து பழகட்டும், அதுக்கு மேல ஒண்ணும் செய்யறதுக்கில்ல" என்று சொல்லிவிட்டு அடுத்த பிள்ளையைக் கூப்பிட்டார். நீ ஆஸ்பத்திரி நடையில் நின்ற சைக்கிள்களை எண்ணிக்கொண்டிருந்தாய். எதில் மணி இருக்கிறது, எதில் இல்லை என்று எனக்குச் சொன்னாய். நான் உம் கொட்டினேன்.

தைரியம் சொல்லும் கடிதம் ஒன்று எழுதத்தான் உட்கார்ந்தேன். படித்த தாய்மார் அப்படித்தானே எழுதுவார்கள். எனக்கு வரவில்லை. அதனால், என்னிடம் இருப்பதை எழுதுகிறேன். என்னிடம் இருப்பது சைக்கிள் கதைதான்.

உன் அப்பாவின் சைக்கிளை நீ அறிவாய். அது எங்கள் கல்யாணத்துக்கு முன்பே அவரிடம் இருந்தது. யுத்தம் முடிந்து பட்டாளத்துக்காரர்கள் கழித்துப்போட்ட சாமான்களில் கொஞ்சம், சாலைக் கடைத்தெருவில் உன் பெரியப்பாவின் இரும்புக்கடைக்கு வந்து சேர்ந்தது. அந்தக் குவியலிலிருந்து அப்பா ஒரு சட்டத்தை இழுத்தெடுத்தார். முன்சக்கரம் ஒரு சைக்கிளுடையது, பின்சக்கரம் இன்னொன்றுடையது. மட்கார்டு கிடையாது, செயின் மூடி கிடையாது, விளக்கு கிடையாது. மணிக்குப் பதில் அவருடைய வாய்தான்; "மாறிக்கோ, மாறிக்கோ" என்று சொல்லிக்கொண்டே பழவங்காடிக் கூட்டத்துக்குள் நுழைந்துபோவார். பட்டாளத்துப் பச்சை இன்னும் அங்கங்கே ஒட்டிக்கொண்டிருக்கிறது. கல்யாணமாகி நாகர்கோவிலிலிருந்து வந்த புதிதில், இதைக் கண்டதும் எனக்குக் கொஞ்சம் நாணமாகத்தான் இருந்தது. செக்ரட்டேரியட்டில் வேலை பார்க்கும் மாப்பிள்ளை என்று சொல்லித்தான் என்னைக் கொடுத்தார்கள். என்னோடு காலேஜில் படித்தவர்கள் காரில் போகும் வீடுகளில் வாழ்க்கைப்பட்டிருந்தார்கள்.

அந்த நாணம் ஒரு மாதம்கூட நிற்கவில்லை. அப்பா என்னை விடியற்காலையில் புத்தரிக்கண்டம் மைதானத்துக்குக் கூட்டிக்கொண்டுபோய் சைக்கிள் விடப் பழக்கினார். சேலைத் தலைப்பைச் செயின் தின்றது. முழங்கை தேய்ந்தது. மைதானத்து ஓரமாகப் பால் கொண்டுபோகும் ஒரு அம்மாள் தினமும் நின்று பார்ப்பாள். "நாரோயில்காரி பட்டாளத்துல சேரப்போறாளாக்கும்" என்று ஒருநாள் சொன்னாள். அப்பா சிரித்துக்கொண்டே, "ஆமா அக்கா, சைக்கிள் பட்டாளத்துலதான் குடுத்தான், ஆளத்தான் இனி அனுப்பணும்" என்றார். நான் பழகிவிட்டேன். பிறகு தைக்காட்டு வீட்டிலிருந்து தம்பானூர்ப் பக்கம் இறங்கும் ரோட்டில் ஒருநாள் காலையில் தனியாகச் சைக்கிள் விட்டேன். மக்களே, அதை எப்படிச் சொல்ல. காலை அசைக்க வேண்டாம். மிதியில் பாதத்தைச் சும்மா வைத்திருந்தால் போதும். சக்கரம் தானாக ஓடும். பின்னால் வெட்டுக்கிளி மாதிரி டிக் டிக் என்று ஒரு சத்தம் கூட வரும். காற்று காதுக்குள் புகும். மண்ணெண்ணெய், சோறு, மாமியார் வீடு, ஒன்றும் நினைவில் இருக்காது. பெரிய விலை கொடுத்து வாங்கின எதிலும் அந்த சுகம் எனக்குக் கிடைத்ததில்லை. நீ சம்பாதிக்கும் காலத்தில் உன்னிடம் யாராவது பகட்டான வண்டியைக் காட்டினால் ஏமாந்துவிடாதே. ஒரு ஸ்பானரும் கொஞ்சம் தேங்காய் எண்ணெயும் வைத்து நீயே சரியாக்கிக்கொள்ள முடிகிற வண்டிதான் உன்னுடையது. மற்றதெல்லாம் ரிப்பேர்க் கடைக்காரனுடையது.

நீ பிறந்து, உட்காரப் பழகியதும், அப்பா சைக்கிளின் முன்தண்டில் துவர்த்துத் துண்டை மடித்துக் கட்டி உன்னை ஏற்றினார். பேச்சு வருவதற்கு முன்பே "மாறிக்கோ" வந்துவிட்டது உனக்கு. உன் முதல் வார்த்தை அம்மை என்று நான் எல்லாரிடமும் சொல்லுவேன். அது பொய். முதல் வார்த்தை "மாக்கோ".

மூன்று வயதில், இடவப்பாதி மழைக்காலத்தில், உனக்குக் காய்ச்சல் வந்தது. எல்லாப் பிள்ளைகளுக்கும் வருவது மாதிரித்தான் வந்தது. காய்ச்சல் விட்டதும் உனக்குப் பசித்தது, கஞ்சி கேட்டாய், எனக்கு உயிர் வந்தது. கட்டிலிலிருந்து இறக்கிவிட்டேன். இடது கால் நின்றது. வலது கால் துணி மாதிரி மடங்கியது. நீ என்னைப் பார்த்துச் சிரித்தாய். நான் விளையாட்டுக் காட்டுகிறேன் என்று நினைத்துவிட்டாய் போல. அந்தச் சிரிப்பை நினைத்தால் இன்றைக்கும் என்னால் சோற்றில் கை வைக்க முடியவில்லை. இளம்பிள்ளை வாதம் என்றார்கள். அதற்குப் பிறகு அந்தப் பச்சை சைக்கிளின் முன்தண்டில் உன்னை வைத்துக்கொண்டு உன் அப்பா ஆஸ்பத்திரிக்குப் போகாத மாதம் இல்லை. காலை தினமும் மடக்கி நீட்ட வேண்டும், இல்லாவிட்டால் மூட்டு இறுகிவிடும் என்று டாக்டர் சொன்னார். நான் எண்ணெயைத் தொட்டதுமே நீ அலறுவாய். உன்னைப் பிடித்து அமுக்கிக்கொண்டு காலை மடக்குவேன். நீயும் அழுவாய், நானும் அழுவேன். பக்கத்து வீட்டு ஜன்னல்கள் சாத்திக்கொள்ளும்.

போன வருஷம் அப்பா ஞாயிற்றுக்கிழமைகளில் பெரியப்பா கடைக்குப் போய்க் கருக்கலில்தான் வர ஆரம்பித்தார். எதற்கு என்று கேட்டால், "கொஞ்சம் சோலி இருக்கு பிள்ளே" என்பார். ஒருநாள் தோளில் ஒரு அரைச் சைக்கிளைத் தூக்கிக்கொண்டு வந்தார். வாடகைக் கடையில் பிள்ளைகளுக்குக் கொடுப்பார்களே, அந்த உயரம். அதுவும் குவியலில் பொறுக்கினதுதான். இருக்கை மட்டும் புதிது, உன் பெரியப்பா கொடுத்தது. உன் வலது பாதத்தைப் பழைய வேட்டிக் கிழிசலால் மிதியோடு சேர்த்துக் கட்டினார். வாசல் கல்லில் ஏறி நின்று உட்காரக் கற்றுக்கொடுத்தார். நீ எத்தனை தடவை விழுந்தாய் என்று எனக்குத் தெரியாது. நான் அடுக்களைக்குள் போய்க் காதைப் பொத்திக்கொண்டேன். பிறகு ஒரு சாயங்காலம், "அம்மை, இங்க வா" என்று கூப்பிட்டாய். வந்து பார்த்தேன். நீ தெருவில் போய்க்கொண்டிருந்தாய். உன் இடது முழங்கால் ஏறி இறங்கியது. உன் வலது முழங்காலும் ஏறி இறங்கியது.

கட்டிலில் உருட்டினாலும் அசையாத கால் அது. மிதிக்க வந்துவிட்டது, இனி நடக்கவும் வந்துவிடும் என்று நினைத்தேன். நான் வாசலில் நின்று சிரித்தேன், சிரித்துக்கொண்டே அழுதேன். எதிர்வீட்டு சேச்சியைக் கூப்பிட்டுக் காட்டினேன். நாகர்கோவிலுக்குக் கடிதம் போட்டேன். பழவங்காடிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைப்பதாக உன் மூன்று வயதிலேயே நேர்ந்திருந்தேன். மறுநாளே உன்னையும் அப்பாவையும் இழுத்துக்கொண்டு போய் ஒவ்வொன்றாக எறிந்து உடைத்தேன். கோயிலில் இருந்தவர்கள், "எந்தா விசேஷம்" என்று கேட்டார்கள். "மோன்றெ காலு சரியாயி" என்று எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னேன். உன் அப்பா சிதறின சில்லுகளைப் பார்த்துக்கொண்டு ஒதுங்கி நின்றார். பக்தி என்று நினைத்தேன்.

பிறகுதான் உன் கெண்டைக்காலில் கன்றிப்போன தழும்புகளைக் கண்டேன். கொஞ்சம் சரிவு வந்தாலும் அந்த சைக்கிளின் மிதிகள் ராட்டினம் மாதிரிச் சுற்றும். நீ காலைத் தூக்கினால் வந்து அடிக்கும். மற்றப் பிள்ளைகள் இறக்கத்தில் காலைச் சும்மா வைத்துக்கொண்டு சீட்டி அடித்துக்கொண்டு போவார்கள். உன்னைத் தைக்காட்டு இறக்கத்தில் போகவே கூடாது என்று அப்பா தடுத்திருந்தார். விசாரித்ததில், பின்சக்கரம்தான் காரணம் என்று தெரிந்தது. நான் விடப் பழகின அப்பாவின் சைக்கிளில் இருப்பது ஃப்ரீவீல். மிதிப்பதை நிறுத்தினாலும் சக்கரம் தன்பாட்டில் ஓடும். உன்னுடையதில் பல்சக்கரத்தைப் பின்சக்கரத்தோடு பற்றவைத்திருந்தது. சக்கரம் சுற்றும்வரை மிதியும் சுற்றும், நிறுத்த முடியாது. உன் அப்பாவின் சிக்கனம் என்று எனக்குக் கோபம் வந்தது.

"பிள்ளைக்கு நல்ல சக்கரம் ஒண்ணு போடப்பிடாதா?" என்றேன்.

"அதெதுக்கு பிள்ளே. இருக்கது நல்லாத்தானே ஓடுது."

"எறக்கத்துல அவனும் சும்மா ஒரு போக்கு போகாண்டாமா? காலுதான் வந்தாச்சே."

அப்பா பேப்பரை மடித்தார், மறுபடி விரித்தார். "கொஞ்ச நாள் போட்டும்" என்றார்.

"பழைய இரும்பைக் கண்டா உங்களுக்கு விட மனசு வராது. என்னையும் அந்தக் குவியல்லதான் பொறுக்கினீங்களோ" என்று கேட்டேன். எப்போதும் பதிலுக்கு ஒன்று சொல்லுகிற மனுஷன், அன்றைக்குச் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார்.

நான் விடவில்லை. எனக்கு வாய்த்த ஒரே பெரிய சுகம் அந்த இறக்கம். அதை உனக்குக் கொடுக்காமல் வேறு எதைக் கொடுப்பேன்? ஓணம் லீவில், அப்பா ஆபீசுக்குப் போன பிறகு, உன்னையும் சைக்கிளையும் சாலைக் கடைத்தெருவில் ஒரு சைக்கிள் கடைக்குக் கொண்டுபோனேன். ஃப்ரீவீல் உள்ள பழைய சக்கரம் ஒன்று இருந்தது. கடைக்காரர் மாட்டிக்கொடுத்து, கையால் ஒரு சுற்றுச் சுற்றிக்காட்டினார். அதே டிக் டிக். "இனி சுகமாயிட்டு போகாம் மோனே" என்றார். நீ சிரிக்கவில்லை. என் முந்தானையைப் பிடித்து இழுத்து, "அம்மை, பழைய சக்கரத்தையும் கேட்டு வாங்கிக்கோ" என்றாய். அப்பன் புத்தி அப்படியே பிள்ளைக்கும் என்று சிரித்துக்கொண்டு வாங்கிக்கொண்டேன்.

நம் தெரு சமதரை. வாசல் கல்லில் ஏறி உட்கார்ந்தாய். இடது காலால் ஒரு மிதி மிதித்தாய். மிதி கீழே போனது, அங்கேயே நின்றது. சைக்கிள் கொஞ்ச தூரம் உருண்டு சாய்ந்தது. தூக்கிவிட்டேன். மறுபடி ஒரு மிதி, மறுபடி நின்றது. நான் பக்கத்திலேயே ஓடிவந்துகொண்டு, "வலத்த கால மிதி மக்களே, அதைத்தான் இப்ப மிதிக்கணும், மிதி" என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். என் குரல் ஏறியது. நீ தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாய்: "அது மிதிக்காதும்மை. அது ஒருநாளும் மிதிச்சதில்ல. சக்கரம் சுத்தும், அது கூடவே போவும்."

எனக்கு முதலில் விளங்கவில்லை. காலேஜில் பௌதிகம் படித்தவள் நான்; சக்கரம் எப்படிச் சுற்றுகிறது என்று பரீட்சையில் படம் போட்டு எழுதியவள். இடது கால் சக்கரத்தைச் சுழற்றும், சக்கரம் வலது மிதியைச் சுழற்றும், மிதி காலைத் தூக்கி இறக்கும். கால் வரவில்லை. காலை இழுத்துக்கொண்டு போயிருக்கிறது. மூட்டு இறுகாமல் இருக்க, உன்னை அழவைக்காமல் காலை மடக்கி நீட்ட, உன் அப்பா வேண்டுமென்றேதான் அந்தச் சக்கரத்தைப் போட்டிருக்கிறார்.

"உனக்குத் தெரியுமா இது?"

"தெரியும். அப்பா சொன்னாரு, அம்மைகிட்ட சொல்லாண்டாம்னு."

"ஏன்?"

"நீ சிரிச்சியில்லா."

மக்களே, நீ வளர்ந்த பிறகு எத்தனையோ பேர் உன்னை ஏமாற்றுவார்கள். என்னை இதுபோல் ஏமாற்ற இனி யாராலும் முடியாது. எட்டு வயதில் ஒரு பிள்ளை, தன் அம்மை சிரிக்கிறாள் என்பதற்காக, தன் கால் செத்துக் கிடப்பதை மறைத்து வைத்திருக்கிறது. சாயங்காலம் அப்பா வந்தார். சைக்கிளைப் பார்த்தார், என் முகத்தைப் பார்த்தார், செருப்பைக்கூடக் கழற்றாமல் படியில் உட்கார்ந்துவிட்டார். "எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லப்பிடாதா" என்றேன். "சொல்லத்தான் இருந்தேன். நீ தேங்காய ஒடச்சிட்ட. அதுக்குப் பெறவு எப்படி சொல்லது" என்றார். அவரோடு சண்டை போட எனக்குத் தெம்பு இல்லை. இப்போது ஆபீசில் எல்லாரும் நாகர்கோவில் எந்த ராஜ்யத்தோடு போகும், தமிழ்க்காரர்கள் எந்தப் பக்கம் எழுதிக்கொடுக்க வேண்டும் என்று பேசுகிறார்களாம். நம் வீட்டில் அன்று தொடங்கி ஒரு காலைப் பற்றித்தான் பேச்சு, அதுவும் பேசாமல்.

அப்பா பழைய சக்கரத்தைத் திரும்ப மாட்ட ஸ்பானரை எடுத்தார். நீதான் தடுத்தாய். "எறக்கத்துல ஒருக்கா போய்ப் பாக்கட்டா?" என்று கேட்டாய். இருவரும் உன்னைத் தைக்காட்டு ரோட்டு முகட்டுக்குக் கூட்டிப்போனோம். நான் இருக்கையைப் பிடித்திருந்தேன். "கைய விடும்மை" என்றாய். விட்டேன். நீ போனாய். மிதிக்கத் தேவையில்லாத இடத்தில், மக்களே, நீ யாருக்கும் குறைந்தவன் இல்லை. இடது காலும் வலது காலும் ஒரே மாதிரிச் சும்மா இருந்தன. சட்டை பின்னால் புடைத்தது. எதிரே வந்த குதிரைவண்டிக்காரனைப் பார்த்து "மாறிக்கோ" என்று கத்தினாய், அவன் மாறிக்கொண்டான். அந்த நேரத்துக்கு, அந்தக் கொஞ்ச நேரத்துக்கு, எனக்கு ஒரு குறையும் இல்லை. பிறகு நீ கீழே போய் நின்றாய். ரோடு சமமான இடத்தில் ஒரு காலை ஊன்றிக்கொண்டு, திரும்பி மேலே பார்த்துக்கொண்டு. நான் இறங்கி வந்து, உன்னை ஏற்றிவைத்துத் தள்ளிக்கொண்டு மேட்டில் ஏறினேன்.

இப்போது அதுதான் நம் சாயங்காலம். பழைய சக்கரம் சாய்ப்பில் ஆணியில் தொங்குகிறது. காலை மடக்கி நீட்டுவதை நான் கையால் செய்கிறேன். நீ இப்போது அலறுவதில்லை, பல்லைக் கடித்துக்கொள்கிறாய், அதுவும் எனக்காகத்தான் என்று தெரியும். பிறகு முகட்டுக்குப் போகிறோம். நீ இறங்குகிறாய், நான் நடந்து வருகிறேன், உன்னைத் தள்ளிக்கொண்டு ஏறுகிறேன். எதிர்வீட்டு சேச்சி, "ஈ பெண்ணினு வேறெ பணியில்லே" என்கிறாள். எனக்கு இன்னும் வயது இருக்கிறது. மேட்டில் மூச்சு வாங்கினாலும் ஏறிவிடுகிறேன். ஆனால் நீ வளர்கிறாய். ஒவ்வொரு மாதமும் சைக்கிள் கனக்கிறது. தள்ளும்போது உன் முதுகைப் பார்த்துக்கொண்டு நான் வேறு கணக்குப் போடுகிறேன். நீ பெரிய சைக்கிளுக்கு மாறும்போது எனக்கு முட்டு வலிக்குமா? அப்பாவுக்கு அப்போது என்ன வயது? ஆபீஸ் மாடிப்படி ஏற உனக்கு யார் தோள் கொடுப்பார்? உனக்கு ஒரு பெண்ணைக் கொடுக்க யாருக்கு மனசு வரும். வந்தவள் இந்த மேட்டைக் கண்டு முகம் சுளிக்காமல் இருப்பாளா? இதையெல்லாம் டாக்டரிடம் கேட்க முடியாது. பிள்ளையாரிடம் இனி நான் கேட்பதாக இல்லை.

உனக்கு நான் சொல்ல வேண்டியது ஒன்றே ஒன்றுதான். அதற்காகத்தான் இத்தனையும் எழுதினேன். ஒருவர் முகம் வாடும் என்று உன் வலியை மறைக்காதே. அது என் முகமாக இருந்தாலும் சரி. உன்னால் ஏற முடியாத இடத்தில், பக்கத்தில் போகிறவரை நிறுத்தி, "ஒரு தள்ளு தள்ளுங்க" என்று கேள். மலையாளத்தில் கேள், தமிழில் கேள், இங்கிலீஷில் கேள். முடியாது என்று போனால் அடுத்தவரைக் கேள். கேட்கப் பழகாவிட்டால், நீ காலம் முழுக்க யாராவது ஒருத்தியைப் பார்த்துக்கொண்டு கீழேயே நிற்க வேண்டியதுதான்.

இன்று சாயங்காலம், ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அலுப்பில், எனக்கு இறங்கி வரக் கொஞ்சம் தாமதமாகிவிட்டது. பாதி இறக்கத்தில் செருப்பு வார் அறுந்தது. குனிந்து கையில் எடுத்துக்கொண்டேன். கீழே உன் பக்கத்தில் ஒரு பெரியவர் நின்றிருந்தார், குடையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு. உன் காலைப் பார்த்தார், மேட்டைப் பார்த்தார். நல்ல மனுஷர். "எந்தா மோனே, ஞான் தள்ளித்தரணோ?" என்று கேட்டது எனக்குக் கேட்டது. சரி என்று சொல்லு, சரி என்று சொல்லு என்று நான் அங்கே நின்று வேண்டிக்கொண்டேன். நீ தலையை ஆட்டிச் சிரித்துக்கொண்டு சொன்னாய்:

"வேண்டா. அம்ம வரும்."